பின்கதவு

1969. எனக்குப் பதினாறு வயது. கல்முனைக்குடியில் கடற்கரைப் பள்ளிக்கு நாலைந்து வளவு தள்ளி ஒரு கல்வீட்டு வேலை. வாப்பா முன்கதவு நிலைக்குத் துளை வெட்டிக்கொண்டிருந்தார். நான் யன்னல் சட்டத்துக்குச் சீவுளி போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் முற்றத்தில் கதிரையைப் போட்டு, சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு, யன்னல் எந்தச் சுவரில் வரவேண்டும் என்று கைகாட்டினார். மேசன் இடம் விட்டார், நான் சட்டத்தை நிறுத்தி முட்டுக் கொடுத்தேன். அசருக்குப் பாங்கு சொன்னதும் அவர் எழும்பிப் பள்ளிக்குப் போனார். அவர் கடப்பைத் தாண்டியிருக்கமாட்டார், உள்ளறைச் சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“ஓடாவியார், அந்த யன்னல் கெணத்தடியப் பாக்குது. பேத்து வடக்கால வைங்க.”

வாப்பா மறுபேச்சுப் பேசவில்லை. முட்டைத் தட்டச் சொன்னார். “அவர்தானே இஞ்ச வைக்கச் சொன்னவர்” என்றேன். வாப்பா குரலைத் தாழ்த்தி, “காசு அவருட. ஊடு அவங்கட” என்றார். வீட்டுக்காரர் தொழுதுவிட்டு வந்தார். யன்னல் வடக்குச் சுவரில் நிற்பதைப் பார்த்தார். அணைந்துபோன சுருட்டை மறுபடியும் பற்றவைத்தார். அதோடு சரி.

எங்கள் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். வீடு பெண்ணின் பெயரில் உறுதி எழுதிக் கொடுக்கப்படும். மூன்று பெண்பிள்ளைகள் பெற்றவர் மூன்று வீடு கட்டவேண்டும். கடைசி மகளின் வீட்டுப் பின்னறையில் தன் கட்டிலைப் போட்டுக்கொள்ளும்போதுதான் அவருடைய வேலை முடியும். தங்கச்சிக்கு வீடு முடியாமல் தான் கல்யாணம் முடிக்காத காக்காமார் எத்தனை பேரோடு நான் கணக்கு முடித்திருக்கிறேன்! பக்கத்தில் பாண்டிருப்பிலும் காரைதீவிலும் தமிழ்ச் சனங்களிடமும் இதே வழக்கம்தான். ஆகவே இந்த ஊர்களில் ஒரு ஓடாவி கூலி வாங்குவது ஆணின் கையால், வேலை செய்வது பெண்ணின் வீட்டுக்கு. ஐம்பது வருசம் தொழில் செய்தேன். சீலைக்குப் பின்னால் நின்று பேசிய எத்தனையோ உம்மாமாரில் முகம் தெரிந்தவர்கள் என்று பார்த்தால் கைவிரலுக்குள் அடங்கும். வேலை அவர்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று தேத்தண்ணி வரும்போது தெரியும். பிடித்திருந்தால் பக்கத்தில் ஒரு பணியாரம் இருக்கும்.

முன்கதவுக்கு முதிரை வேண்டும், பின்கதவுக்கு வேம்பு போதும் என்பது வாப்பாவின் கணக்கு. முன்கதவு இரட்டைக் கதவு. மேலே பூவேலைப் பலகை, உள்ளே குறுக்கே விழும் இரும்புத் தாழ்ப்பாள், பித்தளைப் பூட்டு. பின்கதவு ஒற்றைப் பலகை, ஒரு மரக் கொக்கி. பகலில் அந்தக் கொக்கியையும் யாரும் போடமாட்டார்கள். பின்கதவைத் திறந்தால் குசினி, அதைத் தாண்டிக் கிணறு, அதற்கப்பால் கிடுகு வேலி, வேலியில் ஒரு ஆள் புகும் இடைவெளி. அந்த இடைவெளியால்தான் தாத்தாவின் வீடு, சாச்சியின் வீடு, மாமியின் வீடு எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும். தெருவில் ஒரு பெண்ணைக் காணாத நாளிலும் பின்வளவுகளால் ஊர் முழுக்க நடந்துகொண்டிருக்கும். நெருப்பு வாங்க, புளி வாங்க, பிள்ளைப்பேறு பார்க்க, மையித்து வீட்டுக்குப் போக எல்லாவற்றுக்கும் அந்த வழிதான். தெருப்பக்கம் பார்த்து ஒரு கல்முனை வீட்டைப் படம் பிடிப்பவர் அதன் முதுகைத்தான் பிடிக்கிறார்.

வாப்பாவின் காலத்தில் மரத்துக்குக் குறைவில்லை. முதிரை, பாலை, சமண்டலை எல்லாம் மேற்கே காட்டுப் பக்கமிருந்து வண்டியில் வரும். நிலைக்கு முதிரை, வளைக்குப் பாலை, கைமரத்துக்குச் சமண்டலை அல்லது பனை. எங்கள் மண் கடல்மண். நாலு முழம் தோண்டினால் தண்ணீர் நிற்கும். மாரியில் அது இன்னும் மேலே ஏறும். அதனால் நிலையின் கால் மண்ணைத் தொடக்கூடாது. கீழே ஒரு கருங்கல் துண்டு வைத்து அதன்மேல்தான் நிறுத்துவோம். நிலை வைக்கிற நாளில் பாத்திஹா ஓதி, வாழைப்பழமும் சர்க்கரையும் பங்குவைத்து, ஓடாவிக்கு ஒரு சாறன் கொடுப்பார்கள். பின்கதவு நிலைக்கு அப்படி ஒன்றும் கிடையாது. ஆனால் வாப்பா பின்கதவு நிலையை நிறுத்தும்போதும் பிஸ்மி சொல்லிக்கொண்டு ஒரு செப்புச் சல்லியைக் கல்லுக்குக் கீழே வைப்பார். யாரும் கேட்டால், “அதாலதான் கூடப் போக்குவரத்து” என்பார்.

1978 நவம்பர் 23 இரவு சூறாவளி அடித்தது. மட்டக்களப்பிலிருந்து எங்கள் ஊர்கள் வரைக்கும் தென்னைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தன. விடிந்ததும் வாப்பாவும் நானும் உளிப்பெட்டியைக்கூட எடுக்காமல் ஊரைச் சுற்றினோம். அன்று பார்த்ததுதான் என் தொழிலுக்குக் கிடைத்த பெரிய பாடம். விறாந்தைக் கூரையும் வீட்டுக் கூரையும் ஒரே சரிவாக இறங்கிய வீடுகளில் காற்று விறாந்தைக்குள் புகுந்து, அடியால் நெம்பி, மொத்தக் கூரையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. விறாந்தைக்கு அரை முழம் கீழே தனிக் கூரை போட்ட வீடுகளில் விறாந்தை மட்டும் போயிருந்தது. பணக்காரர் ஒருவர் வீட்டின் முன்பக்கம் அழகாக இருக்கவேண்டும் என்று ஒரே சரிவாகக் கேட்டார், கட்டிக் கொடுத்தவர்கள் நாங்கள்தான். அவருக்கு முன்னால் போய் நிற்க வாப்பாவுக்கு வெட்கம். அதற்குப் பிறகு நான் எந்த வீட்டுக்கும் விறாந்தையைத் தனியாகத்தான் இறக்கினேன், வளையைச் சுவரோடு கம்பி போட்டுப் பிணைத்தேன்.

இன்னொன்றும் அன்று பார்த்தேன். விழுந்து கிடந்த மரங்களைப் பொறுக்கித் திருப்பிப் பாவிக்கலாம் என்று தரம் பிரித்தபோது, முன் ஹோலின் கைமரங்களில் பாதி கறையான் தின்று சோத்தியாக இருந்தது. ஒட்டுக் குசினியின் கைமரங்கள் கரிபிடித்து, தார் பூசியது மாதிரி மினுங்கின. உளியால் கீறினால் உள்ளே புது மரம். நாற்பது வருசப் புகை ஏறிய மரத்தைக் கறையான் தொடாது. ஹோல் மரத்துக்கு வார்னிஷ் பூசியிருந்தார்கள், அது என்ன செய்யும்!

1981இல் ஒரு கொந்தராத்துக்காரர் என்னை மலைநாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மொனராகலை, வெல்லவாய, அங்கிருந்து கொஸ்லந்தை, பெரகலை என்று பஸ் வளைந்து வளைந்து ஏற, எனக்குக் காது அடைத்துவிட்டது. ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவைப் பழுதுபார்க்கும் வேலை. தோட்டங்களை அரசாங்கம் 1972இலும் 1975இலும் எடுத்த பிறகு வெள்ளைக்காரத் துரைமார் போய்விட்டார்கள். அவர்கள் இருந்த பங்களாக்களில் நம் நாட்டுத் துரைமார் இருந்தார்கள். எந்தத் தோட்டம் என்பது இங்கே வேண்டாம்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே முன்வாசல் படியில் ஏறினேன். உள்ளேயிருந்து வெள்ளைச் சட்டை போட்ட வயதான ஒருவர் ஓடிவந்தார். பங்களா அப்பு. “பாஸ், பாஸ்! பின்னால வாங்க. இந்தப் பக்கம் தொரைதான் வருவாரு” என்றார். எனக்கு அதில் கோபமில்லை. எங்கள் ஊரில் ஒரு அந்நிய ஆம்பிளை பின்பக்கத்தால் போய் நின்றால்தான் அடி விழும். இங்கே முன்பக்கத்தால் போனது குற்றம். சுற்றிக்கொண்டு பின்னால் போனபோதுதான் வீடு எப்படி ஓடுகிறது என்று தெரிந்தது.

முன்னால் பெரிய இருப்பறை, நெருப்பு மூட்டக் கல்லால் கட்டிய கணப்பு, வெளியே பிதுங்கிய வளைவு யன்னல், நிலமெல்லாம் பலகை. சாப்பாட்டு அறை. அதற்கும் குசினிக்கும் இடையில் பென்ட்ரி என்று ஒரு அறை. அந்த வார்த்தையை நான் கேட்டது அங்கேதான் முதல்முறை. குசினி தனியாகப் பின்னால், கூரை போட்ட ஒரு நடைபாதையால் சேர்ந்திருந்தது. சமைத்தது நடைபாதையால் பென்ட்ரிக்கு வந்து, அங்கே தட்டு மாறி, பிறகுதான் மேசைக்குப் போகும். புகை, மணம், சத்தம், சமைக்கிறவர் முகம் எதுவும் மேசைக்குப் போகக்கூடாது. துரைசாணி குசினிக்குப் போவது மாதத்தில் ஒருநாள் இரண்டுநாள், சாமான் கணக்குப் பார்க்க என்று அப்பு சொன்னார். மேசைக்குக் கீழே காலால் அமுக்குகிற ஒரு மணி இருந்தது. கம்பி அறுந்து பல வருசம். அப்படியிருந்தும் மேசை துடைக்கிற பையன் அதைத் தினமும் பிரஸோ போட்டு மினுக்கினான்.

எனக்குத் தந்த வேலை இருப்பறைப் பலகை நிலம். ஒரு பலகையின் நாக்கு மறு பலகையின் காடிக்குள் போய் உட்காரும். மேலே ஆணி தெரியாது. கீழே இரண்டடி வெற்றிடம், அதில் கல்தூண்களின் மேல் மரச்சட்டங்கள். ஒரு மூலையில் கால் வைத்தால் அமுங்கியது. உளுத்த பலகையைக் கழற்றி, நல்ல மரமாகத் தேர்ந்து, நாக்கும் காடியும் கையால் சீவி, இருபத்திரண்டு பலகை போட்டேன். ஒரு தாள் உள்ளே போகாது, அப்படிப் பொருத்தம். துரை வந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அன்றிரவு எனக்கு நித்திரை நன்றாக வந்தது.

மூன்று கிழமை மழை பெய்தது. நாலாம் கிழமை காலையில் போய்ப் பார்த்தால் என் இருபத்திரண்டு பலகையும் ஓரம் நிமிர்ந்து வள்ளம் மாதிரி குழிந்து நின்றன. கொந்தராத்துக்காரர் பச்சை மரம் போட்டுவிட்டேன் என்று கத்தினார். மரம் பச்சையில்லை. அது எனக்குத் தெரியும், ஆனால் காரணம் தெரியாது. அன்று பகல் குசினி வாசலில் குந்தியிருந்து தேத்தண்ணி குடிக்கும்போது அப்பு மெதுவாகச் சொன்னார்.

“பாஸ், அந்தக் காலத்துல வெளிச் செவுத்துல கீழாக்குல சின்னச் சின்ன இரும்பு வலை இருந்திச்சு. எலி வருதுன்னு சீமெந்து வச்சுப் பூசிட்டாங்க.”

தம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனேன். பூச்செடிகளை விலக்கிக்கொண்டு சுவரோரமாகக் குந்திக் குந்தி நகர்ந்தேன். தரைக்கு ஒரு சாண் மேலே, ஆறடிக்கு ஒன்றாக, பூச்சின் நிறம் கொஞ்சம் வேறாக ஏழு இடம். உளியால் தட்டினால் டொக்கு டொக்கு என்று வெறுமையான சத்தம். ஒன்றை உடைத்ததும் உள்ளேயிருந்து வந்த காற்று பழைய கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் வருமே, அந்தக் குளிர். நிலத்துக்குக் கீழே காற்று ஓடட்டும் என்றுதான் கட்டியவர்கள் அந்த ஓட்டைகளை வைத்திருக்கிறார்கள். அதை அடைத்ததும் மண்ணின் ஈரம் போக வழியில்லாமல் பலகையின் அடிப்பக்கத்தில் ஏறியது. மேல்பக்கம் கணப்புச் சூட்டில் காய்ந்தது. பலகை வளையாமல் என்ன செய்யும்? ஏழையும் திறந்து எலி புகாத வலை அடித்தேன். பத்துப் பலகை தானாகப் படிந்தது. மற்றப் பன்னிரண்டையும் கழற்றி மறுபடி சீவினேன், என் கூலியில்.

அந்த ஓட்டை பற்றித் துரைக்குத் தெரியாது. கொந்தராத்துக்காரருக்கும் தெரியாது. தோட்டத்துக் கந்தோரில் பங்களாவின் வரைபடம் ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அதிலும் அது இருந்ததாக ஞாபகமில்லை. பின்கதவால் வந்துபோகிற மனிசனுக்குத்தான் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு எந்தப் பழைய வீட்டு வேலைக்குப் போனாலும் முதல் நாள் குசினிப் பக்கம் போய் அரை மணித்தியாலம் குந்தியிருப்பேன். சில வீட்டுக்காரர்கள் நான் சாப்பாட்டுக்கு அலைகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

அந்த அப்பு அடிக்கடி ஒரு பங்களாவைப் பற்றிச் சொல்வார். ஹப்புத்தளையில் வில்லியர்ஸ் துரை கட்டியது, அதைப் பார்க்காமல் ஊருக்குப் போகாதே என்று. அப்போது பார்க்கக் கிடைக்கவில்லை. பிறகு நாடு கெட்டது. அந்தப் பக்கம் மறுபடி போக முப்பது வருசம் சென்றது. 2012இல் மகளின் குடும்பத்தோடு வேன் பிடித்துப் போனேன்.

அதிஷம் என்பது அந்த வீட்டின் பெயர். சேர் தோமஸ் வில்லியர்ஸ், கொழும்பில் ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கம்பனியின் தலைவராக இருந்தவர், 1931இல் கட்டியது. இங்கிலாந்தில் கென்ட் பகுதியில் தான் பிறந்த கிராமத்தின் பெயரையே வீட்டுக்கு வைத்திருக்கிறார். அதே கென்டில் இருக்கும் லீட்ஸ் கோட்டையைப் பார்த்துக் கட்டினது என்று சொல்கிறார்கள். பின்னால் தங்கமலைக் காடு, முன்னால் பள்ளத்தாக்கு, நடுவில் சாம்பல் நிறக் கருங்கல் வீடு. மகளின் பிள்ளைகள் ரோசாச் செடிகளுக்குள் ஓட, நான் சுவரில் கைவைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு கல்லும் கையால் கொத்திச் சதுரமாக்கியது. ஓட்டுக்குப் பதிலாகக் கூரையில் பர்மாத் தேக்குத் துண்டுகள், மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று. உயரமான புகைக்கூண்டுகள். ஒரு வீட்டில் எத்தனை அறையில் நெருப்பு எரிந்தது என்று வெளியில் நின்றே புகைக்கூண்டை எண்ணிச் சொல்லலாம், அது அந்தப் பங்களா வேலையில் பழகியது.

வில்லியர்ஸ் துரை போன பிறகு வீடு கைமாறி, 1961இல் பெனடிக்ட் சபைத் துறவிகளிடம் வந்தது. இன்றும் மடம்தான். கிழமைக் கடைசியிலும் போயா நாட்களிலும் சனங்களை உள்ளே விடுகிறார்கள். பார்க்க விடுவது இருப்பறையையும் நூலகத்தையும். மரச்சுவர், புத்தக அலுமாரி, கணப்பு எல்லாம் துரை வைத்த மாதிரியே இருக்கின்றன. அலுமாரிக் கதவின் மூலை இணைப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றதில் எனக்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது. பார்த்து முடித்ததும் என் கால் தானாகப் பின்பக்கம் போனது. அங்கே ஒரு கயிறு கட்டி, உள்ளே வரவேண்டாம் என்று எழுதியிருந்தது. துறவிகள் இருக்கும் பகுதி. கயிற்றுக்கு அப்பால் ஒரு கதவு பாதி திறந்திருந்தது. பழம் காய்ச்சுகிற மணம் வந்தது. அவர்கள் ஜேம் செய்து விற்கிறார்கள், நாங்களும் இரண்டு போத்தல் வாங்கினோம். துரை இருந்த காலத்தில் யாருக்கும் காட்டாத பக்கத்தில் இப்போது வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். துரை விருந்தாளிகளுக்குக் காட்டிய பக்கத்தில் எங்களைப் போல வழிப்போக்கர் சப்பாத்தோடு நடக்கிறோம்.

வேனில் திரும்பும்போது பேத்தி, டவுன்டன் ஆபி என்று இங்கிலாந்துப் பெரிய வீட்டுக் கதை ஒன்றைச் சொன்னாள். தொலைக்காட்சி நாடகம். பிரபுவுக்கு மூன்று பெண்பிள்ளைகள், ஆண்பிள்ளை இல்லை. அதனால் வீடு தூரத்துச் சொந்தக்கார ஆண் ஒருவனுக்குப் போகவேண்டுமாம். அதுதான் முழுக் கதைக்கும் பிரச்சினையாம். என் மகள் முன் ஆசனத்திலிருந்து திரும்பிப் பார்த்து, “மூணு பொம்புளப்புள்ள இரிந்தும் ஒண்டுக்கும் ஊடு இல்லையா?” என்றாள். வேன் முழுக்கச் சிரிப்பு. சாரதி சிங்களத் தம்பி, அவருக்கும் மொழிபெயர்த்துச் சொன்னார்கள்.

இதற்கிடையில் எங்கள் ஊர் வீடு மாறியதைச் சொல்லவேண்டும். எழுபதுகளின் கடைசியில் சவூதி, குவைத், கட்டார் என்று ஆட்கள் போகத் தொடங்கினார்கள். காசு வந்தது. அதோடு பிளேட் வந்தது. ஓட்டுக் கூரை பழசு, கொங்கிறீட் பிளேட் அடித்தால்தான் வீடு. சண்டைக் காலத்தில் காட்டு மரமும் நின்றுவிட்டது. மரம் கொண்டுவரப் பேர்மிட், பேர்மிட் இருந்தாலும் வழியில் எத்தனை சோதனைச் சாவடி. மாவும் பலாவும் வேம்பும் வைத்து ஒப்பேற்றினோம், பிறகு அலுமினிய யன்னல் வந்தது. நான் வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. சூறாவளிக்குப் பயந்தவர்களுக்குப் பிளேட் நிம்மதி தந்தது. ஆனால் கடற்கரை மண்ணைக் கழுவாமல் குழைத்து அடித்த பிளேட்டுகளில் உப்பு உள்ளே இருந்து கம்பியைத் தின்றது. இருபது வருசத்தில் கட்டிலுக்கு மேலே கொங்கிறீட் கொப்பளித்து விழுந்த வீடுகள் எனக்குத் தெரியும். பழுதுபார்க்க என்னைக் கூப்பிட்டார்கள், ஓடாவிக்கு அங்கே என்ன வேலை?

காசு வந்ததும் குசினி வீட்டுக்குள் வந்தது. ஹோலுக்குப் பக்கத்தில் தட்டு வைக்கத் தட்டு, கிளாஸ் வைக்க அலுமாரி, மேலே பளபளப்புக் கல். அதன் பெயர் பென்ட்ரி! முதல் ஆள் வந்து “ஓடாவியார், பென்ட்ரி ஒண்டு செஞ்சு தரணும்” என்றபோது மலைநாட்டு அப்பு எனக்கு முன்னால் வந்து நின்றார். எங்கள் ஊரில் பென்ட்ரிக்குள் யாரும் சமைப்பதில்லை. விருந்தாளிக்குக் காட்ட அது. மீன் ஆய்வதும் மாசி இடிப்பதும் சோறு ஆக்குவதும் பின்னால் தகரம் போட்ட ஒட்டுக் குசினியில்தான். ஒரு வீட்டில் பத்து வருசத்துக்குப் பிறகு பென்ட்ரிக் கதவு பழுதென்று போனேன். அடுப்பின் மேல் ஒட்டிய கம்பனிப் படம் கிழியாமல் அப்படியே இருந்தது.

2004 டிசம்பர் 26 சுனாமியைப் பற்றி நான் அதிகம் எழுதமாட்டேன். எங்கள் அம்பாறை மாவட்டத்தில்தான் ஆகக் கூடுதலான சனம் போனது. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது மூன்றிலும் கரையோரத்துச் சொந்தம் இல்லாத குடும்பம் இல்லை. மையித்துகள் எடுத்து முடிந்த பிறகு கரைக்குப் போனேன். சுவர் இல்லை, கூரை இல்லை, தெரு எது வளவு எது என்று தெரியவில்லை. கிணறுகள் மண்ணுக்கு மேலே தூண் மாதிரி நின்றன, சுற்றியிருந்த மணலைத் தண்ணீர் அள்ளிக்கொண்டு போய்விட்டது. இடையிடையே நிலைகள். கதவில்லாத, சுவரில்லாத வெறும் நிலைகள். வாப்பாவின் துளையும் என் துளையும் எனக்குத் தெரியும். ஒரு முதிரை நிலையில் கைவைத்து, இது யாருடைய வீடு, இங்கே குசினி, இங்கே கிணற்றடி என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டு போனேன். கூட வந்த பொடியன்கள் எழுதிக்கொண்டார்கள். முன்கதவும் பின்கதவும் நேருக்கு நேர் இருந்த சில வீடுகளில் தண்ணீர் ஒன்றால் புகுந்து மற்றதால் போயிருந்தது. பக்கச் சுவர்கள் நின்றன. எல்லா வீட்டிலும் அப்படி நடந்தது என்று சொல்லமாட்டேன்.

கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள், பிறகு எங்கள் பக்கம் அது 65 மீற்றர் ஆனது. உள்ளே வயல் பக்கமாக வீட்டுத்திட்டங்கள் வந்தன. வெளிநாட்டுக் காசு, கொழும்புப் பொறியியலாளர்கள். கதவு மாட்டும் வேலை எனக்கும் கிடைத்தது. ஒரே அளவுக் கதவு, நூற்றுக்கணக்கில். ஒரு திட்டத்தின் வரைபடத்தில் பின்கதவே இல்லை. குசினி தெருவைப் பார்த்து, வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது. பொறியியலாளர் நல்ல பிள்ளை. கேட்டேன். “பாதுகாப்புக்கு ஒரு கதவு போதும், செலவும் குறைவு ஐயா” என்றார். யாரிடம் கேட்டு வரைந்தீர்கள் என்றேன். குடும்பத் தலைவர்களைக் கூட்டி ஒரு கூட்டம் வைத்தார்களாம். கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லாம் ஆண்கள். உறுதியும் பல இடங்களில் அந்தத் தலைவரின் பெயரிலேயே எழுதப்பட்டது. கடல் கொண்டுபோனது உம்மாவின் சீதன வீடு, பதிலுக்கு வந்தது மருமகனின் வீடு. அதனால் எத்தனை குடும்பத்தில் என்னென்ன வந்தது என்று காதிமாருக்குத்தான் தெரியும்.

2008இல் அப்படி ஒரு வீட்டிலிருந்து ஒரு பொடியன் வந்து கூப்பிட்டான். போனேன். வழக்கமான சீலை, வழக்கமான குரல்.

“காக்கா, பின்னால ஒரு கதவு வெட்டித் தருவீங்களா?”

புருசன் எங்கே என்று கேட்டேன். கட்டாரில். சுவரை வெட்ட அனுமதி இருக்கிறதா என்று கேட்டேன். சத்தமில்லை. பிறகு வளையல் சத்தம் கேட்டது, பிறகு தேத்தண்ணி வந்தது. பணியாரத்தோடு.

புளொக் கல் சுவரை இரண்டு நாளில் வெட்டினேன். மேலே லிண்டல் வைத்து, என்னிடம் மிச்சமிருந்த பழைய வேப்பமரத்தில் நிலை செய்தேன். அதன் காலுக்குக் கீழே ஒரு கல். சல்லி வைக்கலாமா என்று நினைத்து, ஐந்து ரூபாக் குத்தி ஒன்றை வைத்தேன். பின்னால் வேலி கிடையாது, அடுத்த வீட்டின் பின்சுவர்தான் பத்தடியில். அந்த வீட்டிலும் கதவில்லை. கொக்கி செய்யட்டுமா என்று கேட்டேன்.

“இல்ல காக்கா, நல்ல லொக் ஒண்டு போடுங்க. பக்கத்து ஊட்டுல யாரென்டு தெரியா. அவங்க எந்த ஊரோ.”

பித்தளை லொக் போட்டேன், இரண்டு சாவி கொடுத்தேன்.

அடுத்த வருசம் பொடியன் மறுபடி வந்தான், கதவு இறுகி மூடாமல் கிடக்கிறது என்று. மாரி ஈரத்தில் மரம் உப்பியிருந்தது, நாலு இழுவை சீவுளியில் சரியாகிவிட்டது. லொக்கைப் பார்த்தேன். உப்புக் காற்றில் உள்ளிரும்பு துருப்பிடிக்க, திறந்தபடியே சிக்கிக் கிடந்தது. சாவித் துளைக்குள் ஒரு நைலோன் கயிற்றைக் கோத்து, ஆணியில் மாட்ட வளையம் போட்டிருந்தார்கள். பத்தடி தள்ளி எதிர்ச் சுவரில் புதுசாக ஒரு கதவு வெட்டியிருந்தது. வேறு ஓடாவியின் வேலை, நிலை கொஞ்சம் தூக்குத் தவறியிருந்தது. இரண்டு கதவுக்கும் நடுவில் யாரோ மூன்று தட்டைக் கல் போட்டிருந்தார்கள், சேற்றில் கால் படாமல் நடக்க.